போட்டிக் கணக்கின் முதல் நிமிஷம்

இரண்டு எண்களைக் கூட்டினால் 10, பெருக்கினால் 20. அவற்றின் தலைகீழிகளை, அதாவது 1-ஐ ஒவ்வொரு எண்ணாலும் வகுத்தால் வருபவற்றை, கூட்டினால் எவ்வளவு?

ஏழாவதோ எட்டாவதோ படிக்கிற பிள்ளையிடம் இதைக் கொடுத்துவிட்டு, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பேனா உடனே ஓடும். 4, 6 என்று எழுதும், பெருக்கினால் 24. சரி, 3, 7 போட்டுப் பார்ப்போம், 21. அப்புறம் 2, 8. அது ஒரேயடியாக 16-க்கு இறங்கிவிடும். அப்படியானால் சின்ன எண் 2-க்கும் 3-க்கும் நடுவில்தான் என்று தசமத்துக்குள் போய், 2.5, 7.5 என்று ஆரம்பித்து, 18.75 வந்ததும் அதையும் அடித்துவிட்டு, 2.8, 7.2 என்று எழுதி... என் அக்கா மகள் இப்படியே முக்கால் பக்கம் நிரப்பிவிட்டு, "மாமா, இந்த மாதிரி ரெண்டு நம்பரே கிடையாது, கணக்கு தப்பு" என்று பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

நம்பர்கள் இருக்கத்தான் செய்கின்றன: 5 + √5, 5 − √5. ஆனால் அவளுக்கு அவை வேண்டியதே இல்லை, ஏனென்றால் கணக்கு அவற்றைக் கேட்கவில்லை. தலைகீழிகளைக் கூட்டுவது என்றால் இரண்டு பின்னங்களைக் கூட்டுவது, அவ்வளவுதான். பொதுப் பகுதி எடுத்துக் கூட்டினால் மேலே வருவது அந்த இரண்டு எண்களின் கூட்டல், கீழே வருவது அவற்றின் பெருக்கல். மேலே 10, கீழே 20. விடை அரை. தேவையான இரண்டையும் கேள்வியின் முதல் வரியிலேயே கையில் கொடுத்துவிட்டார்கள், நாம்தான் அதைக் கீழே வைத்துவிட்டு வேறு எதையோ தேடப் போகிறோம்.

நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கான போட்டிக் கணக்குகளில் நல்ல கணக்கு என்று பெயர் எடுத்தவை பெரும்பாலும் இந்த ரகம். எதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதைவிட எதைக் கண்டுபிடிக்க வேண்டாம் என்பதை முதல் நிமிஷத்தில் முடிவு செய்கிற பிள்ளை ஜெயிக்கும். பள்ளிக்கூடக் கணக்கு அதைச் சொல்லித் தருவதில்லை. அங்கே இருபது கணக்கும் ஒரே மாதிரி, பாடத்தின் தலைப்பே என்ன செய்யணும் என்று சொல்லிவிடும்.

போட்டி என்றதும் அடுத்த வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே படித்தவர்களுக்கான பரீட்சை என்று பெற்றோர் பலர் நினைத்துக்கொள்கிறார்கள், அதற்காக எட்டாவது பிள்ளைக்குப் பத்தாவது புத்தகத்தை வாங்கிக் கொடுக்கிறவர்களும் உண்டு. தேவையில்லை. அமெரிக்காவில் நடக்கும் ஏ.எம்.சி 8 போட்டியில் 40 நிமிஷத்தில் 25 கேள்விகள், கால்குலேட்டர் கிடையாது. 1983-இல் தொடங்கிய மேத்கவுண்ட்ஸ் போட்டியின் ஸ்பிரிண்ட் சுற்றில் அதே 40 நிமிஷத்தில் 30 கேள்விகள். 1991-இல் பிரான்சில் ஆரம்பித்து இன்று பல நாடுகளில் நடக்கும் கங்காரு போட்டி, ஆஸ்திரேலியாவில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒரு கணிதப் போட்டியைப் பார்த்து எடுத்த யோசனை, பெயரும் அதற்கு நன்றி சொல்லத்தான். எல்லாவற்றிலும் உள்ளே இருப்பது பின்னம், சதவீதம், விகிதம், பகா எண், காரணி, முக்கோணம், பரப்பளவு, சராசரி, கொஞ்சம் எண்ணிக்கை, கொஞ்சம் நிகழ்தகவு. இதில் எதுவும் எட்டாவது பிள்ளைக்குப் புதுசில்லை.

கேள்விக்கு எவ்வளவு நேரம் என்று வகுத்துப் பாருங்கள். முதல் போட்டியில் 96 விநாடி, இரண்டாவதில் 80. இதைப் பிள்ளைகள் மிரட்டலாக எடுத்துக்கொள்கிறார்கள், எனக்கு அது ஒரு குறிப்பாகத்தான் படுகிறது. கேள்வியை உட்கார்ந்து தயாரித்தவருக்குத் தெரியும், இது 80 விநாடியில் முடியக்கூடிய கணக்கு என்று. அப்படியென்றால் உங்கள் வழி பத்து வரி தாண்டி இன்னும் நீண்டுகொண்டே போகிறது என்றால், நீங்கள் மெதுவாகப் போடுகிறீர்கள் என்று அர்த்தமில்லை, வழி வேறு என்று அர்த்தம். மேத்கவுண்ட்ஸிலேயே டார்கெட் என்று ஒரு சுற்று உண்டு, இரண்டிரண்டு கணக்காகக் கொடுப்பார்கள், ஒவ்வொரு ஜோடிக்கும் 6 நிமிஷம், கால்குலேட்டரும் வைத்துக்கொள்ளலாம். கால்குலேட்டர் இருந்தும் பிள்ளைகள் அதில் திணறுவதைப் பார்த்தால் கஷ்டம் கூட்டல் கழித்தலில் இல்லை என்று புரிந்துவிடும்.

எண்ணிக்கைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். இதில்தான் புத்திசாலிப் பிள்ளைகள் அதிகம் சறுக்குகிறார்கள், ஏனென்றால் சறுக்கியது சறுக்கியவருக்கே தெரியாது.

மூன்று இலக்க எண்களில் 7 என்ற இலக்கம் ஒரு தடவையாவது வருபவை எத்தனை?

நேராகப் போனால்: நூறாம் இடத்தில் 7 இருந்தால் 700 முதல் 799 வரை 100 எண்கள். பத்தாம் இடத்தில் 7 என்றால் முன்னால் 9 வழி, பின்னால் 10 வழி, ஆக 90. ஒன்றாம் இடத்தில் 7 என்றாலும் 90. கூட்டினால் 280. அழகாக இருக்கிறது, தப்பு. 775 என்ற எண்ணை நூறாம் இடத்துக்கு ஒரு தடவை, பத்தாம் இடத்துக்கு ஒரு தடவை என இரண்டு முறை எண்ணியாயிற்று, பாவம் 777-ஐ மூன்று முறை. இதைச் சரிசெய்ய முடியும்: 77 என்று தொடங்குபவை 10, நடுவில் எதையாவது வைத்து இரு முனையிலும் 7 உள்ளவை 10, 77 என்று முடிபவை 9, மொத்தம் 29-ஐக் கழிக்கணும், கழித்ததில் 777 மூன்று முறையும் போய்விட்டதால் அதற்கு ஒன்று திரும்பச் சேர்க்கணும். 280 − 29 + 1 = 252. சரியான விடைதான், ஆனால் அந்த "திரும்பச் சேர்க்கணும்" என்ற இடத்தில் பாதிப் பேர் விழுந்துவிடுவார்கள்.

"ஒரு தடவையாவது" என்ற சொல்லைப் பார்த்ததும் கை அப்படியே நிற்க வேண்டும். 7 வருபவற்றை எண்ணுவதற்குப் பதில் 7 வராதவற்றை எண்ணுங்கள். நூறாம் இடத்தில் 0-வும் 7-உம் கூடாது, 8 வழி. மற்ற இரண்டு இடங்களிலும் 7 மட்டும் கூடாது, 9 வழி, 9 வழி. 8 × 9 × 9 = 648. மொத்தம் உள்ள மூன்று இலக்க எண்கள் 900. 900 − 648 = 252. இரண்டு வரி. நிகழ்தகவுக் கணக்கில் "குறைந்தது ஒரு தலை", "குறைந்தது ஒரு ஆறு" என்று வருவதெல்லாம் இதே கதவுதான். பகடையை நாலு முறை உருட்டி ஒரு ஆறாவது விழும் வாய்ப்பைக் கேட்டால், ஆறே விழாத வாய்ப்பைக் கண்டுபிடித்து ஒன்றிலிருந்து கழிப்பது.

எண்ணிக்கையில் இன்னொன்று, எனக்கு மிகப் பிடித்தது. ஒரே மாதிரியான 10 பேனாக்களை 3 பேருக்குப் பகிர வேண்டும், ஒவ்வொருவருக்கும் ஒன்றாவது கிடைக்கணும். எத்தனை விதமாகப் பகிரலாம்? முதல் ஆளுக்கு 1 என்றால் மீதி 9-ஐ இரண்டு பேருக்கு 8 விதமாக, முதல் ஆளுக்கு 2 என்றால் 7 விதமாக என்று போய் 8 + 7 + 6 + ... + 1 = 36 என்று வருவது ஒரு வழி, அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் 20 பேனா, 5 பேர் என்று மாற்றிவிட்டால் அந்த வழி மூச்சு வாங்கும். பேனாக்களைப் பகிர்வதை மறந்துவிட்டு, 10 பேனாவையும் மேசையில் வரிசையாக வையுங்கள். நடுவில் 9 இடைவெளி. அதில் ஏதாவது இரண்டு இடைவெளியில், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்கேல் வைத்தால் வரிசை மூன்று துண்டாகிவிடும், துண்டு ஒவ்வொன்றும் ஒருவருக்கு. 9 இடைவெளியில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 9 × 8 ÷ 2 = 36 வழி. பகிர்கிற கணக்கு ஸ்கேல் வைக்கிற கணக்காக மாறிவிட்டது. நம்பிக்கை இல்லையென்றால் 4 பேனா, 3 பேர் என்று சின்னதாக்கிச் சரிபாருங்கள்: இடைவெளி 3, அதில் 2, ஆக 3 வழி, கையால் எண்ணினாலும் (2,1,1), (1,2,1), (1,1,2), அதே மூன்று.

எண்கள் சம்பந்தப்பட்ட கணக்குகளில் பயமுறுத்தல் அதிகம், உள்ளே விஷயம் குறைவு, அதனால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2-இன் 2027-ஆவது அடுக்கின் கடைசி இலக்கம் என்ன என்று கேட்பார்கள். அந்த எண்ணை யாரும் எழுதப் போவதில்லை. கடைசி இலக்கத்தை மட்டும் பார்த்தால் 2, 4, 8, 6, மறுபடி 2, 4, 8, 6, நாலு அடிக்கு ஒரு சுற்று. 2027-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 3, மூன்றாவது இலக்கம் 8. மீதி 0 வந்தால் மட்டும் கவனம்: அது சுற்றின் கடைசி, முதல் இல்லை. இதே மாதிரி 7-இன் 102-ஆவது அடுக்கின் கடைசி இரண்டு இலக்கம்: 7⁴ என்பது 2401, கடைசியில் 01, அதை எத்தனை தரம் பெருக்கினாலும் 01-தான். 100 அடுக்கு 01-இல் முடிந்தது, இன்னும் இரண்டு அடுக்கு பாக்கி, 49. 1 முதல் 100 வரை பெருக்கினால் கடைசியில் எத்தனை பூஜ்ஜியம் என்பதும் ஒரு பழைய கேள்வி. அந்தப் பெருக்கல் 158 இலக்கம் நீளமுள்ளது. ஆனால் பூஜ்ஜியம் என்பது ஒரு 2-உம் ஒரு 5-உம் சேர்ந்தது, 2-கள் தாராளமாக இருக்கின்றன, ஆக 5-களை எண்ணினால் போதும். 5-இன் மடங்குகள் 20. 25, 50, 75, 100 நான்கும் ஆளுக்கு இன்னொரு 5 வைத்திருக்கின்றன. 24 பூஜ்ஜியம்.

இந்த வரிசையில் ஒன்றில் மட்டும் கொஞ்சம் நின்று போகலாம். 1000 லாக்கர்கள், எல்லாம் மூடியிருக்கின்றன. முதல் மாணவர் எல்லாவற்றையும் திறக்கிறார். இரண்டாமவர் 2-இன் மடங்குகளை மூடுகிறார். மூன்றாமவர் 3-இன் மடங்குகளில் திறந்ததை மூடி, மூடியதைத் திறக்கிறார், இப்படியே 1000 பேர். கடைசியில் எத்தனை லாக்கர் திறந்திருக்கும்? ஆயிரம் பேர் என்ன செய்தார்கள் என்று தொடர்ந்து போனால் பைத்தியம் பிடிக்கும். மாணவர்களை விட்டுவிட்டு ஒரே ஒரு லாக்கரின் முன்னால் போய் நில்லுங்கள். 12-ஆம் லாக்கரைத் தொட்டவர்கள் 1, 2, 3, 4, 6, 12, அதாவது 12-இன் காரணிகள். காரணிகள் ஜோடியாக வரும்: 1-க்கு 12, 2-க்கு 6, 3-க்கு 4. ஒருவர் திறந்ததை இன்னொருவர் மூடிவிடுவார், கடைசியில் மூடித்தான் கிடக்கும். 36-ஆம் லாக்கரில் மட்டும் 6-க்கு ஜோடி 6-தான், அதனால் தொட்டவர்கள் ஒற்றைப்படை, திறந்து நிற்கும். ஆக, வர்க்க எண்கள் மட்டும். 31 × 31 = 961, 32 × 32 ஆயிரத்தைத் தாண்டிவிடும். விடை 31.

வேகக் கணக்கைத் தொடாமல் எந்தப் போட்டியும் முடிவதில்லை. ஒருவர் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓர் ஊருக்குப் போய், அதே வழியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் திரும்புகிறார், முழுப் பயணத்தின் சராசரி வேகம் என்ன? பத்தில் ஆறு பிள்ளைகள் 50 என்பார்கள், என் அனுபவத்தில் பெரியவர்களும் அதே அளவுக்கு. மீதிப் பேரில் ஒருவராவது "தூரம் தரலையே" என்று நிறுத்திவிடுவார்.

அந்தப் பிள்ளைக்குக் கையில் முத்தம் கொடுக்கலாம், ஏனென்றால் அது சரியான இடத்தில்தான் தடுக்கியிருக்கிறது. தூரம் தரவில்லை, ஆனாலும் ஒரே விடைதான் இருக்கிறது என்று கேள்வி நம்மிடம் சொல்லாமல் சொல்கிறது. அப்படியென்றால் தூரம் எவ்வளவாக இருந்தாலும் விடை மாறாது, ஆகவே அதை நம் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். 40-க்கும் 60-க்கும் தோதாக 120 கிலோமீட்டர் என்று வைப்போம். போக 3 மணி, வர 2 மணி, மொத்தம் 240 கிலோமீட்டர், 5 மணி. சராசரி 48. ஏன் 50 இல்லை என்றால், மெதுவாக ஓட்டியபோது அவர் அதிக நேரம் வண்டியில் இருந்தார். சராசரி அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

இதையே திருப்பிப் போட்டால் சுவாரஸ்யமாகிவிடும். போகும்போது மணிக்கு 30. முழுப் பயணச் சராசரி 60 வரவேண்டும் என்றால் திரும்பி வரும் வேகம் எவ்வளவு? உடனே 90 என்று தோன்றும். தூரம் 60 கிலோமீட்டர் என்று வையுங்கள். போய்வர 120, சராசரி 60 வேண்டுமானால் மொத்தம் 2 மணி நேரத்தில் முடிய வேண்டும். ஆனால் போவதற்கே 2 மணி நேரம் ஆகிவிட்டது. திரும்ப நேரமே பாக்கி இல்லை. விமானமே வந்தாலும் முடியாது. இந்தக் கணக்கை நான் யாருக்குப் போட்டாலும் ஒரு நிமிஷம் முகத்தில் ஒரு சந்தேகம் ஓடும், திரும்பவும் எழுதிப் பார்ப்பார்கள், அப்புறம் சிரிப்பார்கள்.

வடிவக் கணக்கில் பெரும்பாலும் ஒரு கோடு வரைவதோ, இல்லாத ஒரு பெட்டியைச் சுற்றி வரைவதோதான் முழுக் கணக்கும். சதுரக் கட்டத் தாளில் (0,0), (4,1), (1,3) ஆகிய புள்ளிகளை இணைத்து ஒரு முக்கோணம். பரப்பளவு? அடிப்பக்கம் சாய்வு, உயரம் சாய்வு, அரை பெருக்கல் அடிப்பக்கம் பெருக்கல் உயரம் என்று போனால் வர்க்கமூலத்தில் மாட்டிக்கொள்வோம். முக்கோணத்தைச் சுற்றி 4-க்கு 3 செவ்வகம் போடுங்கள், பரப்பு 12. மூலைகளில் மூன்று செங்கோண முக்கோணங்கள் மிஞ்சும்: 2, 3, 1.5. கூட்டினால் 6.5. மிச்சம் 5.5. கட்டத்தாள் வடிவங்களுக்கு கியோர்க் பிக் என்ற ஆஸ்திரிய கணிதவியலாளர் 1899-இல் வெளியிட்ட ஒரு வழியும் உண்டு, மூலைகளெல்லாம் கட்டப் புள்ளிகளில் இருந்தால் உள்ளே இருக்கும் புள்ளிகளின் எண்ணிக்கையோடு ஓரத்துப் புள்ளிகளில் பாதியைக் கூட்டி ஒன்றைக் கழித்தால் பரப்பளவு. நம் முக்கோணத்தில் உள்ளே 5 புள்ளி, ஓரத்தில் 3 மூலைகள் மட்டும்: 5 + 1.5 − 1, அதே 5.5. அளவுகோலே தொடாமல், புள்ளியை எண்ணிப் பரப்பளவு சொல்வது முதல் தடவை பார்க்கும்போது ஏதோ ஏமாற்று வேலை மாதிரி இருக்கும்.

சின்னதாக்கிப் பார், பாட்டர்ன் பிடி என்று எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்ல அறிவுரைதான், ஆனால் பாதி அறிவுரை. ஒரு வட்டத்தின் ஓரக் கோட்டில் புள்ளிகள் வைத்து, ஒவ்வொரு ஜோடியையும் நேர்கோட்டால் இணையுங்கள், உள்ளே மூன்று கோடு ஒரே இடத்தில் சந்திக்காதபடி. வட்டம் எத்தனை துண்டாகிறது? ஒரு புள்ளிக்கு 1, இரண்டுக்கு 2, மூன்றுக்கு 4, நாலுக்கு 8, ஐந்துக்கு 16. ஆறுக்கு? 32 என்று எழுதாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. விடை 31. பொறுமையாக வரைந்து எண்ணிப் பாருங்கள், ஒரு துண்டு எங்கேயும் தொலைந்துபோகவில்லை. சின்னதாக்குவது எதற்கு என்றால் விடையை ஊகிக்க அல்ல, என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க. லாக்கர் கணக்கில் முதல் பத்து லாக்கரைச் செய்து பார்த்து 1, 4, 9 என்று கண்டுபிடித்துவிட்டு "வர்க்க எண்" என்று எழுதிவிடலாம், விடை சரியாகவும் இருக்கும். ஆனால் காரணி ஜோடியைப் பார்க்காதவர் அடுத்த வேஷத்தில் அதே கணக்கு வந்தால் மறுபடி பத்து லாக்கரைத் திறந்து மூடிக்கொண்டிருப்பார்.

ஐந்து விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் போட்டிகளில் இன்னொரு விஷயம். அந்த நாலு தப்பு விடைகளும் சும்மா வந்தவை அல்ல. வேகக் கணக்கில் 50 கட்டாயம் இருக்கும், 7 கணக்கில் 280 இருக்கும். நீங்கள் போட்ட விடை கொடுத்த பட்டியலில் இருக்கிறது என்பதால் அது சரி என்று நினைத்துவிடக் கூடாது, உங்களுக்கு முன்னால் எத்தனையோ பேர் விழுந்த குழியாகவும் இருக்கலாம். ஏ.எம்.சி 8-இல் தப்பு விடைக்கு மார்க் குறைப்பதில்லை, அதனால் அங்கே எதையும் காலியாக விட்டுவிட்டு வருவது மடத்தனம். நெகட்டிவ் மார்க் உள்ள போட்டியில் அதே தைரியம் ஆபத்து. விதிமுறையை முன்னாடியே படித்துவிட்டுப் போகணும், இவ்வளவுதான்.

பயிற்சி என்றால் ஒரு நாளைக்கு ஐம்பது கணக்கு என்று சிலர் பிள்ளையைப் பிழிகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நானும் என் அக்கா மகளும் செய்வது இதுதான்: ஒரு உட்காருதலுக்கு மூன்று கணக்கு, முதல் நிமிஷம் பேனா மேசையில் இருக்கும், அந்த ஒரு நிமிஷத்தில் "இதுல எது தெரியத் தேவையில்லை?" என்று அவள் வாய்விட்டுச் சொல்லணும். தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை. முடியாமல் போன கணக்குக்கு விடையைப் படித்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து அதே கணக்கை வெள்ளைத் தாளில் திரும்பப் போடணும். படித்தபோது புரிந்த மாதிரி இருந்தது எதுவும் புரியவே இல்லை என்று அப்போதுதான் தெரியவரும். அவளுக்கு மட்டுமில்லை, எனக்கும்.

போன மாதம் ஒரு நாள் இதைக் கொடுத்தேன். 1 2 3 4 5 6 7 8 9 10 என்று எழுதி ஒவ்வொன்றுக்கும் முன்னால் கூட்டல் குறியோ கழித்தல் குறியோ போட்டு, மொத்தம் பூஜ்ஜியம் வரவைக்க முடியுமா? ஒரு நிமிஷம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எல்லாவற்றுக்கும் கூட்டல் போட்டாள், 55. ஒரு குறியை மாற்றினாள், 3-இன் குறியை, 49 ஆயிற்று. 6 குறைந்தது. "எந்த நம்பரோட குறியை மாத்தினாலும் அந்த நம்பர் ரெண்டு தரம் குறையுது மாமா. ரெண்டு தரம்னா இரட்டைப்படை. 55-ல இருந்து இரட்டைப்படையாவே குறைச்சுக்கிட்டு இருந்தா எப்பவும் ஒற்றைப்படைலதான் நிப்போம். பூஜ்ஜியம் இரட்டைப்படை. வராது." ஆயிரத்துச் சொச்சம் குறி அடுக்குகள் இருக்கின்றன இதில், அவள் தொட்டது இரண்டே இரண்டு.

நான் அத்தோடு விட்டிருப்பேன், அவள் விடவில்லை. 11 வரை போனால்? கூட்டல் 66, இரட்டைப்படை. "அப்ப வரும்" என்றாள். இங்கே நான் குறுக்கிட வேண்டியிருந்தது: ஒற்றைப்படை என்றால் வராது என்று சொல்ல உரிமை இருக்கிறது, இரட்டைப்படை என்றால் வரும் என்று சொல்ல இன்னும் உரிமை வரவில்லை, செய்து காட்டணும். சரி என்று 66-இல் பாதி 33-ஐத் தேடினாள்; 11 + 10 + 9 + 3 கிடைத்தது, அந்த நாலுக்கும் கூட்டல், மீதி எல்லாவற்றுக்கும் கழித்தல். 12-க்கும் வந்தது, கூட்டல் 78, பாதி 39, 12 + 11 + 10 + 6. 13-க்கு 91, வராது. 14-க்கு 105, வராது. பின்னாலும் போய்ப் பார்த்தாள்: 3, 4 வரும், 5, 6 வராது, 7, 8 வரும். இரண்டு வரும், இரண்டு வராது.

வட்டத்துப் புள்ளிகளில் ஒருமுறை சூடு பட்டிருந்ததால் இந்தத் தடவை பாட்டர்னை அவளே நம்பவில்லை. இப்படியே போகும் என்பதற்கு என்ன காரணம் என்று ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் தாளோடு உட்கார்ந்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு வந்து ஒரு துண்டுத் தாளை என் முன்னால் தள்ளினாள். அதில் நாலு எண்தான்: 1 − 2 − 3 + 4. கீழே 5 − 6 − 7 + 8. அதற்கும் கீழே 101 − 102 − 103 + 104. அடுத்தடுத்த எந்த நாலை எடுத்தாலும் பூஜ்ஜியம், அதனால் ஓர் இடத்தில் முடிந்தால் அங்கிருந்து நாலு தள்ளியும் முடியும்.